ஆயில்யத்துக்காரி எந்த ஊருக்குப் போகலாம்?

கேள்வி: எங்கள் ஊர் மதுரை. என் கணவர் ஜூன் மாதம் பணி ஓய்வு பெறுகிறார். ஜூலையில் குடும்பத்தோடு நாலு நாள் எங்காவது போய்வர ஆசை. அவர் மேஷம், அசுவினி. நான் கடகம், ஆயில்யம். மகள் துலாம், விசாகம். சென்னையில் வேலை பார்க்கிறாள். என் மாமியாருக்கு 74 வயது, மகரம், திருவோணம். ராசிக்கு ஏற்ற சுற்றுலாத் தலங்கள் என்று போனில் ஒரு பட்டியல் வந்தது. மேஷத்துக்கு மலையேற்றம், கடகத்துக்குக் கடற்கரை, துலாத்துக்குப் பாரிஸ், மகரத்துக்குப் பழைய கோட்டைகள் என்று இருந்தது. மகள் பிறந்த தேதி ஏப்ரல் 25. அதைப் போட்டால் ரிஷபம் என்று வருகிறது. இதில் யாருடைய ராசியைப் பார்த்து ஊரை முடிவு செய்வது? இன்னொன்று. போன வருடம் கொடைக்கானல் போனபோது அத்தைக்கு ராத்திரியில் மூச்சிரைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் பாதியில் திரும்பினோம். “ஆயில்யம் கூட வந்தால் இப்படித்தான்” என்று ஓர் உறவினர் சொன்னார். அத்தை எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மனசு சரியில்லை. நான் வீட்டில் இருந்துகொண்டு அவர்களை மட்டும் அனுப்பிவைக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்க வேண்டாம், கூடப் போங்கள். உங்கள் அத்தைக்கு ராத்திரி மாத்திரை எது என்று தெரிந்தவர் அந்த வீட்டில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் இல்லாமல் அவர் போவதுதான் எனக்குக் கவலையாக இருக்கும்.

ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது என்ற பேச்சு பெண் பார்க்கும் இடத்தில் கிளம்புவது. முகூர்த்த நூல்களில் அப்படி ஒரு வரி இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நட்சத்திரத்தின் நான்கு பாதங்களில் எந்தப் பாதம் என்று பார், விலக்கு உண்டா என்று பார் என்பதும் அதே மரபில் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு எத்தனை பெண்களுடைய கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்பது ஜாதகம் பார்க்கிறவனுக்குத் தெரியும். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு. கல்யாணமாகி, மகள் வேலைக்குப் போகும் வயதில், இன்னமும் அந்த வார்த்தையை உங்கள் மேல் எறிவது அநியாயம். கூட வருகிறவரின் நட்சத்திரம் இன்னொருவருக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும் என்று நான் படித்த எந்த நூலிலும் இல்லை.

கொடைக்கானலில் நடந்ததற்குக் காரணம் தேட ஜாதகத்தைத் திறக்கவே வேண்டாம். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரை வெயிலில் இருந்தவரை ஏற்றிக்கொண்டுபோய் மூன்று நான்கு மணி நேரத்தில் அங்கே இறக்குகிறோம். வளைந்து வளைந்து ஏறும் பாதை, வயிற்றைப் புரட்டும், சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். ராத்திரியில் குளிர் இறங்குகிறது. இளைப்பு உள்ள உடம்பைக் குளிர்காற்று சும்மா விடாது. எந்த ராசிக்காரராக இருந்தாலும் 74 வயதில் இது படுத்தத்தான் செய்யும். அடுத்த பயணத்துக்கு முன்னால் அவரை ஒருமுறை டாக்டரிடம் காட்டி, எவ்வளவு உயரம் வரை போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உறவினர் மறுபடி வாயைத் திறந்தால், டாக்டர் சொன்னதை உங்கள் வீட்டுக்காரர் பதிலாகச் சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டாம்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம்.

மகளுக்கு ரிஷபம் என்று வந்ததே, அதில்தான் விஷயம் இருக்கிறது. மேல்நாட்டு முறையில் பிறந்த தேதியை வைத்துச் சூரியன் நின்ற ராசியைப் பார்ப்பார்கள். ஏப்ரல் 20-லிருந்து மே 20 வரை பிறந்தவர்கள் ரிஷபம். நம் முறையில் சூரியன் ஏப்ரல் நடுவில்தான் மேஷத்துக்குள் நுழைகிறார், அன்றைக்குத்தான் சித்திரை பிறக்கிறது. அவர்கள் ராசி வட்டத்தை எண்ணத் தொடங்கும் இடத்துக்கும் நாம் தொடங்கும் இடத்துக்கும் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம், அதை அயனாம்சம் என்போம். ஆக ஏப்ரல் 25-ல் நம் கணக்குப்படி சூரியன் மேஷத்தில் இருக்கிறார். நாம் ஜன்ம ராசி என்று சொல்வதோ சூரியனை வைத்து அல்ல, சந்திரனை வைத்து. சந்திரன் விசாகத்தின் முதல் மூன்று பாதங்களில் ஒன்றில் இருந்ததால் அவளுக்குத் துலாம். ஒரே பெண்ணுக்கு மூன்று ராசி வருகிறது, மூன்றும் அதனதன் கணக்கில் சரிதான். ஆனால் பட்டியல் எழுதியவர் மனதில் இருந்தது முதல் கணக்கு; நீங்கள் பார்த்தது மூன்றாவதை. அதனால் அந்தப் பட்டியலை அப்படியே மடித்து வைத்துவிடுங்கள்.

அதைத் தமிழ்க் கணக்குக்கு மாற்றிக்கொடுத்தால் பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தாது. நெருப்பு ராசிக்கு மலை, நீர் ராசிக்குக் கடல், காற்று ராசிக்கு நகரம் என்று பிரித்துப்போடுவது படிக்கச் சுவையாக இருக்கும். கடகம், விருச்சிகம், மீனம் நீர் ராசிகள் என்பதும் உண்மைதான். ஆனால் நீர் ராசிக்காரர் கடற்கரைக்குப் போனால் நல்லது என்று எந்தப் பழைய நூலும் ஊர் குறித்துக் கொடுக்கவில்லை. ராசிக்கும் தேசத்துக்கும் முடிச்சுப்போட்டவர்கள் பழைய காலத்திலும் இருந்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த டாலமி என்ற வானியல் அறிஞர், பிரிட்டனை மேஷத்துக்கு ஒதுக்கினார். நம்மிடம் ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருஹத் சம்ஹிதையில் பாரத தேசத்தை ஓர் ஆமையாக வைத்து, 27 நட்சத்திரங்களை மும்மூன்றாகப் பிரித்து, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம் மூன்றையும் நடுத் தேசத்துக்கும் மற்றவற்றை எட்டுத் திசைகளுக்கும் கொடுத்தார். இந்த நட்சத்திரத்தைப் பாவ கிரகம் தொட்டால் இன்ன நாட்டுக்குக் கேடு என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. ராஜாக்களுக்குச் சொன்னது. லீவு போட்டுவிட்டுப் போகும் குடும்பத்துக்குச் சொன்னதில்லை.

நம் வீடுகளில் பயணத்துக்கு எப்போதும் பார்த்தது நாளையும் திசையையும். எந்த ஊர் என்பதைக் காலும் கையிருப்பும் ஆசையும் முடிவு செய்தன. என்றைக்குக் கிளம்பலாம் என்பதற்குத்தான் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்கள். ஜாதகத்தில் மூன்றாம் இடம், ஒன்பதாம் இடம், பன்னிரண்டாம் இடம் என்று பயணத்துக்கு இடங்கள் உண்டு. கிட்டத்துப் பயணம், தூரப் பயணமும் யாத்திரையும், வெளிநாட்டு வாசம் என்று வகை சொல்லும். பாரிஸா பழனியா என்று சொல்லாது.

உங்களுக்கு நாள் பார்க்க நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். அதில் உங்கள் வீட்டுக்கு ஓர் அழகான அமைப்பு இருக்கிறது.

மேஷம், கடகம், துலாம், மகரம், நான்குமே சர ராசிகள், ராசி வட்டத்தில் சம இடைவெளியில் நிற்பவை. ஒருவருடைய ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் இருக்கும் நாட்கள்தான் சந்திராஷ்டமம். மனம் அலைபாயும், வார்த்தை தடிக்கும், அந்த நாட்களில் புதிதாக எதையும் தொடங்காதே என்பார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு விருச்சிகம் எட்டு. உங்களுக்குக் கும்பம். மகளுக்கு ரிஷபம். அத்தைக்குச் சிம்மம். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டேகால் நாள் எடுத்துக்கொள்கிறார். விருச்சிகத்துக்கும் கும்பத்துக்கும் நடுவில் தனுசு, மகரம் என்று இரண்டு ராசி காலியாக இருக்கிறது. கும்பத்துக்கும் ரிஷபத்துக்கும் நடுவில் மீனம், மேஷம். அடுத்து மிதுனம், கடகம். அதற்கும் அடுத்து கன்னி, துலாம். ஒவ்வொரு இடைவெளியும் நாலரை நாள். நீங்கள் கேட்டிருப்பதும் நாலு நாள் பயணம்தான்! 27 நாள் சுற்றில் நாலு பேருக்குமே சந்திராஷ்டமம் இல்லாத இடைவெளி நான்கு முறை வருகிறது. நாலு பேர் உள்ள எல்லா வீட்டுக்கும் இப்படிக் கச்சிதமாக அமையாது.

இதைப் பார்க்க யாரிடமும் போக வேண்டாம். வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் சந்திராஷ்டமம் என்று போட்டு அன்றைக்கு யாருக்கு என்று நட்சத்திரம் அச்சிட்டிருப்பார்கள். அசுவினி, ஆயில்யம், விசாகம், திருவோணம் என்ற நாலு பெயரும் வரும் தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். நட்சத்திரக் கணக்கில், பிறந்த நட்சத்திரத்திலிருந்து எண்ணினால் பதினேழாவது நட்சத்திரத்தில் சந்திரன் நிற்கும் நாள்தான் கடுமை என்பதால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் விழும். நாலு வட்டங்களுக்கு நடுவில் பளிச்சென்று இடம் தெரியும்.

ஒரு வேண்டுகோள். இதோடு அஷ்டமி, நவமி, கரிநாள், மரணயோகம், எமகண்டம் என்று எல்லாவற்றையும் சேர்க்க ஆரம்பித்தால் மாதத்தில் ஒரு நாளும் மிஞ்சாது, கடைசியில் பயணமே நடக்காது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான்: வீட்டில் உடம்பு முடியாதவர் யாரோ, அவருடைய சந்திராஷ்டமத்தைக் கட்டாயம் தவிர்க்கவும். திசைச் சூலம், அதாவது அந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் போகக் கூடாது என்று பார்க்கவும். மற்றவை அமைந்தால் நல்லது, அமையாவிட்டால் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு கிளம்பவும்.

சரி, எந்த ஊர்? நான் சொல்வது தென்காசி, குற்றாலம்.

ஜூலையில் தமிழ்நாட்டில் பெரும்பாலான இடம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, அங்கே தென்மேற்குப் பருவக்காற்றில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும். ஆனி, ஆடிதான் சீசன். மலை அடிவாரம் என்பதால் கொடைக்கானல் போல உயரம் ஏற வேண்டியதில்லை. அத்தைக்கு அதுதான் முக்கியம். உங்கள் வீட்டுக்காரருக்கு மலை கண்ணெதிரே நிற்கும், உங்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. பட்டியல் கேட்டதும் ஏறக்குறைய கிடைத்துவிடுகிறது, அதற்காக இதைச் சொல்லவில்லை என்றாலும். மகளுக்குப் பாரிஸ் கிடைக்காது. ஆனால் சாயங்காலம் பிரானூர் பார்டருக்குப் போய் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு வந்தால் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அத்தைக்குக் காசிக்குப் போகும் ஆசை இருக்குமோ என்னவோ, அந்த வயதில் பலருக்கு இருக்கிறது. காசி வரை போக முடியாதவர்களுக்காகப் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியது தென்காசி விசுவநாதர் கோயில் என்பார்கள். ராஜகோபுர வாசலில் நுழையும்போது காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி வீசும். அங்கே ஒரு நிமிடம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் குற்றாலம். குற்றாலநாதர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளாமல் சித்திர சபைக்கும் அவரை அழைத்துப் போங்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று அது. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். கூட்டமும் குறைவு, உட்கார்ந்து பார்க்கலாம்.

இந்த ஊரைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உங்கள் மகள். 27 நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு கோயில் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் விசாகத்துக்குச் சொல்வது செங்கோட்டைக்குப் பக்கத்தில் பண்பொழியில் இருக்கும் திருமலைக்கோயில். குன்றின் மேல் முருகன். படி ஏறியும் போகலாம், வண்டி போகவும் பாதை இருக்கிறது. மகளும் அப்பாவும் படியேறட்டும். நீங்கள் அத்தையோடு வண்டியில் போய் மேலே காத்திருங்கள். மேலிருந்து பார்த்தால் கீழே வயலும் குளமும் தென்னந்தோப்புமாக விரிந்து கிடக்கும். ராசிக்கு ஏற்ற ஊர் என்று ஒன்றைத் தேடுவதானால் நம் மரபில் அதற்கு மிக நெருக்கமாக வருவது இந்த நட்சத்திரக் கோயில்கள்தான். இதையும் கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளாமல், போகும் வழியில் இருந்தால் போய்வாருங்கள்.

அருவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீர் வெள்ளம் வந்து, ஒரு பையன் உயிர் போய்விட்டது. மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. போலீஸ் தடை போட்டிருந்தால், நாள் நன்றாக இருக்கிறது, வந்தது வந்துவிட்டோம் என்று எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். நான் குறித்துக் கொடுத்த நாளாக இருந்தாலும் அப்படித்தான். தடை இல்லாத நாளிலும் பேரருவியின் அடியில் அத்தையை நிறுத்த வேண்டாம். தண்ணீர் விழும் வேகமும் பாசி பிடித்த தரையும் மூட்டுவலிக்காரருக்கு ஆகாது. தள்ளி நின்றாலே சாரல் முகத்தில் அடிக்கும், அது போதும். குளித்தவர்கள் ஈரத்தோடு அவர் பக்கத்தில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குக் காதை மூட ஒரு துண்டு, இன்ஹேலர் இருந்தால் அது உங்கள் கைப்பையில், பெட்டியில் இல்லை.

ரயில் சுலபம். சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை மதுரை வழியாகத்தான் வருகிறது. மகள் திங்கட்கிழமை ராத்திரி அங்கே ஏறினால், நீங்கள் செவ்வாய் விடிகாலையில் மதுரையில் அதே வண்டியைப் பிடிக்கலாம். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால் நீங்கள் ஏறும் நேரம் இன்னும் திங்கள்தான். திங்களுக்குச் சூலம் கிழக்கு. நீங்கள் போவது தென்மேற்கு. அந்தக் கவலையும் இல்லை. செவ்வாயில் தொடங்கி வெள்ளி வரை தங்கினால் சனி ஞாயிறு கூட்டத்திலிருந்தும் தப்பிக்கலாம். வெள்ளி மாலை ஏறினால் ராத்திரி மதுரை. ஒருவேளை மகளுக்கு லீவு கிடைக்காமல் வெள்ளி அல்லது ஞாயிறு இரவு கிளம்ப வேண்டி வந்தால் அன்றைக்கு மேற்கே சூலம். அதற்குப் பரிகாரம் காலண்டரிலேயே இருக்கும், வெல்லம். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

உங்களுக்கென்று ஒரு கோயில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் முடியாது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், திருவிசநல்லூரை அடுத்து, வயலுக்கு நடுவில் திருந்துதேவன்குடி. ஊரில் நண்டாங்கோயில் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். நண்டு ஒன்று தினமும் பூக்கொண்டு வந்து பூசை செய்த தலம் என்பது கதை, சுவாமி பெயர் கற்கடகேசுவரர். கடக ராசிக்கும் ஆயில்யத்துக்கும் உரிய இடம். அம்பாளுக்கு அருமருந்தம்மை என்று பெயர். ஞானசம்பந்தர் பாடிய ஊர். பிணி தீர வேண்டி ஜனங்கள் வருகிற கோயில் அது, ஆயில்யத்துக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்கிற இடமில்லை. தை, மாசியில் வெயில் ஏறுவதற்குள் அத்தையையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். கடகத்துக்கு அதிபதி சந்திரன் என்பதால் அப்படியே திருவையாற்றுப் பக்கம் திங்களூரையும் சேர்த்துக்கொள்ளலாம், அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர். ஒன்பது நவக்கிரகத் தலத்தையும் ஒரே நாளில் ஓடிப் பார்க்கலாம் என்று யாராவது வேன் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திங்களூருக்கும் திருநள்ளாற்றுக்கும் இடையே உள்ள தூரத்தில் அத்தை அன்றைக்குக் கோயிலைப் பார்த்ததைவிட வண்டி ஜன்னலைத்தான் அதிகம் பார்த்திருப்பார்.

டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜூலைப் பயணத்துக்கு மே மாதமே உட்கார வேண்டும், சீசன் என்பதால் பொதிகை சீக்கிரம் நிறைந்துவிடும். நீங்களும் அத்தையும் 45 வயதைத் தாண்டியவர்கள் என்பதால் கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீட்டில் கேட்கலாம். அதற்கு உங்கள் இருவர் பெயரையும் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. தங்குமிடம் எடுக்கும்போது தரைத்தளமா, கழிப்பறை மேல்நாட்டு முறையா என்று போன் செய்து கேட்டபிறகு பணம் கட்டுங்கள்.